வடக்கத்தித் தொழிலாளர்களும் கொங்கு நாடும்: சண்டை வருமா என்ற கேள்விக்கு என் பதில்

கோபிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருப்பூர், பெருந்துறை, கோவை எங்கே பார்த்தாலும் வடமாநிலத்துக்காரர்கள்தான். எங்கள் லைன் வீட்டிலேயே பீகார்க்காரர்கள் எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்று அப்பா புலம்புகிறார். இது ஒரு நாள் பெரிய சண்டையில் போய் முடியுமா? அரசாங்கமும் ஊரும் இதைச் சரியாகத்தான் கையாளுகின்றனவா?"

சண்டை வந்தே தீரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சரியாகக் கையாளுகிறோம் என்றும் சொல்ல மாட்டேன். பனியன் தொழிலில் தொழிலாளர் நலன் பக்கம் ரொம்ப வருடம் வேலை பார்த்தவன் நான். கொங்கு நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள் எப்படி ஊர்க்காரர்கள் ஆனார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, தொழிற்சங்கம், ஓட்டு என்ற இந்த நான்கும்தான் அவர்களை ஊரோடு சேர்த்தன. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நான்கில் ஒன்றுகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. இங்கே அவர்களைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இரண்டே பேர்: ஆள் பிடித்து வரும் கான்ட்ராக்டர், அப்புறம் போலீஸ். என் கவலையெல்லாம் இதில்தான் இருக்கிறது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஜயதசமி அன்று கோவை ராஜவீதியில் சௌடேஸ்வரி அம்மன் ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். மார்பிலும் கையிலும் கத்தியால் அடித்துக்கொண்டு "வேசுக்கோ, தீசுக்கோ" என்று தெலுங்கில் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். பல நூறு வருடங்களுக்கு முன் வடக்கேயிருந்து வந்த தேவாங்க நெசவாளர்கள் அவர்கள். வீட்டில் இன்றும் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். அவர்களை வெளியூர்க்காரர்கள் என்று கோவையில் யாரும் சொல்வதில்லை. கரிசல் காட்டில் பருத்தி போட்ட தெலுங்கு நாயுடுக்கள், சத்தி, தாளவாடிப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மலையாளிகள், பருத்தி வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள் என்று இந்தப் பட்டியல் நீளும். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் பெருகின. அப்போதும் ஆள் வெளியிலிருந்துதான் வந்தது. திருப்பூரின் பெருமையாக நாம் சொல்லும் கொடி காத்த குமரனே சென்னிமலையிலிருந்து வந்தவர்.

1980களில் ஏற்றுமதி சூடு பிடித்தபோது மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, நெல்லை என்று தெற்கேயிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். இன்றைக்கு உங்கள் அப்பா சொல்வதை அன்றைக்குத் திருப்பூர்க்காரர்களும் சொன்னார்கள். "தெக்கத்தி ஆளுங்க, அருவா எடுப்பாங்க" என்று வீடு வாடகைக்குத் தர மறுத்தவர்கள் உண்டு. சாதியைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நம் பக்கம் இது இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தத் தெக்கத்தியாரை எது ஊர்க்காரர்கள் ஆக்கியது? திருப்பூரில் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு முதலாளிகள் வேலையைப் பிரித்துப் பிரித்துச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. அதே சமயம், சம்பளத்தை உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்ற வழக்கம் இந்த ஊரில் ஆழமாக ஊன்றிவிட்டது. பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் ஏற்றுமதியாளர் சங்கமும் ஒரு பக்கம், சிஐடியு, ஏஐடியுசி, எல்பிஎஃப் போன்ற தொழிற்சங்கங்கள் மறுபக்கம் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். கட்டிங், சிங்கர், செக்கிங், அயர்னிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் கூலி எழுதப்படும். உசிலம்பட்டியிலிருந்து வந்தவரும் ஊத்துக்குளிக்காரரும் ஒரே கூலிக்காக ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். அப்புறம் ரேஷன் கார்டை இங்கே மாற்றினார்கள், பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தார்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. ஓட்டு இருந்ததால் குடிதண்ணீர் வராவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலுக்குப் போக முடிந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகவில்லை.

இப்போது வடக்கத்தியாருக்கு வருவோம். அப்பா சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. உள்ளூர்ப் பிள்ளைகளை யாரும் டைலர் டேபிளிலிருந்து எழுப்பி விரட்டவில்லை. அவர்கள் இன்ஜினியரிங், நர்சிங், பி.காம் என்று படித்து வேறு வேலைக்குப் போனார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வருவதும் குறைந்தது. அங்கேயும் பிள்ளைகள் படித்தார்கள், நூறு நாள் வேலை வந்தது, சொந்த ஊர்ப் பக்கமே வேறு வழிகள் பிறந்தன. காலியான இடத்துக்குத்தான் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம், அசாம், வங்காளத்து ஆட்கள் வந்தார்கள். ஆலப்புழாவிலிருந்து தன்பாத் போகும் எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகத்தான் போகிறது. அந்த வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியை ஒருமுறை பார்த்தால் போதும், இந்தத் தொழிலின் ஆள் கணக்கு புரிந்துவிடும்.

அப்பா சரியாகச் சொல்லும் பாதி இது. இந்த ஆட்களில் பலர் கம்பெனியின் நேரடிப் பட்டியலில் வருவதில்லை. கான்ட்ராக்டர் கூட்டி வருகிறார். ஊரிலேயே கொஞ்சம் முன்பணம் கொடுத்திருப்பார். தங்க ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர் ஏற்பாடு. குடும்பம் கூட இல்லாததால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்க முடிகிறது. சாயங்காலம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டிய உள்ளூர்ப் பெண்ணால் இதோடு போட்டி போட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய கூலி எவ்வளவு, கான்ட்ராக்டர் கைக்கு வந்து அவர் கொடுத்தது எவ்வளவு என்பது அந்தத் தொழிலாளிக்கே தெரியாது. கூலி உயராமல் தேங்குவதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம். ஆனால் இதை உண்டாக்கியது அந்த எட்டுப் பேர் இல்லை. கோபம் வர வேண்டிய இடம் அவர்கள் படுத்திருக்கும் லைன் வீடு இல்லை.

ஒன்றை நேரில் பார்த்தேன். ஒரு கம்பெனியில் ஜார்க்கண்ட் பையன் ஒருவனுக்குக் கட்டிங் மெஷினில் விரல் போனது. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நம்பர் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி லிஸ்டிலும் பெயர் இல்லை, கான்ட்ராக்டர் லிஸ்டிலும் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரயில் ஏற்றிவிடத் தயாரானார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், ஒரு காகிதம் எழுதிக் கொடுங்க, இங்கே வேலை செஞ்சேன்னு." சட்டப்படி அவனுக்கு உரிமை முழுதாக இருந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் இஎஸ்ஐ கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால்கூட, தொழிலாளிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அவன் பாஷை தெரிந்த ஒரு சங்கக்காரர் பக்கத்தில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979இலேயே சட்டம் போட்டார்கள். கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ், பயணப்படி, இடப்பெயர்ச்சிப்படி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்குத்தான் அது பொருந்தியது. மச்சான் போன் பண்ணிக் கூப்பிட்டான் என்று தானாக வண்டியேறி வந்தவர் அதில் வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் தானாக வந்தவரையும் சேர்த்திருக்கிறார்கள். அது நல்லது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்திருக்கும் இடங்களை அது தொடாது. திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் நாலு போட்டு ஓட்டும் சந்து யூனிட்டுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சண்டை விஷயத்தில் 2023ஐத்தான் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் திருப்பூரில் நடந்த ஒரு கைகலப்பின் வீடியோ பரவியது. வடமாநிலத்தார் நம் ஆட்களைத் துரத்துகிறார்கள் என்று இங்கே கொதித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் காற்று அப்படியே எதிர்ப்பக்கம் அடித்தது. தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று அங்கே வீடியோக்கள் பரவின. வேறு ஊர்ச் சண்டைகளையும் உள்ளூர் ரவுடிக் கும்பல் மோதல்களையும் எடுத்து ஒட்டியவை அவை. மார்ச் 8 ஹோலி. எப்படியும் ஊருக்குப் போகிற கூட்டம் ஸ்டேஷனில் நின்றது. அதைப் படம் பிடித்து, பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டார்கள். கொஞ்சம் பேர் உண்மையிலேயே பயந்து கிளம்பினார்கள்.

அப்போது நிர்வாகம் நடந்துகொண்ட விதத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு வீடியோவிலேயே வந்து மறுத்தார். அன்றைய முதல்வர் ஸ்டாலின் அன்றைய பீகார் முதல்வர் நிதிஷ்குமாரிடம் போனில் பேசினார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. அது திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்தது. கலெக்டரும் போலீஸ் அதிகாரிகளும் கம்பெனி கம்பெனியாகப் போய் இந்தியில் பேசினார்கள். உதவி எண் கொடுத்தார்கள். வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. சில நாளில் அடங்கியது.

ஆனால் அந்தச் சில நாளில் ஒரு விஷயம் வெளிச்சமானது. எந்தக் கம்பெனியில் எத்தனை பேர், எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு எந்த அலுவலகத்திலும் முழுதாக இல்லை. அதற்குப் பிறகுதான் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதியச் சொல்வது மும்முரமானது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கடைசியாக நடந்தது 2011இல். 2021இல் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2027க்குப் போயிருக்கிறது. தண்ணீர், சாக்கடை, அங்கன்வாடி, பள்ளி எல்லாவற்றுக்கும் பழைய கணக்கை வைத்தே திட்டம் போடுகிறோம். குழாயில் தண்ணீர் குறையும்போது தெருவில் பேச்சு எழும்: "இவனுங்க வந்ததாலதான்." கணக்கில் வராதவர்கள் மேல் தேவையில்லாத பொறாமை இப்படித்தான் முளைக்கிறது.

ஒரு பகுதி மக்களை அரசு போலீஸ் வழியாக மட்டுமே பார்த்தால் என்ன ஆகும் என்று கோவைக்கு ஏற்கனவே தெரியும். 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் போனார்கள். குண்டு வைத்தது மன்னிக்க முடியாத கொடுமை, அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் அதற்கு முன்பே முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டைச் சோதனைச் சாவடி வழியாக மட்டுமே பார்த்துப் பழகியிருந்தது நிர்வாகம். அந்தக் காயம் ஆற எத்தனை வருடம் ஆயிற்று என்று கடைவீதி வியாபாரிகளைக் கேளுங்கள். 2022 அக்டோபரில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது ஊர் மறுபடி நடுங்கியது. அடுத்த சில நாளில் ஜமாத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கே போய் நிர்வாகத்தினரைச் சந்தித்தார்கள். தெருவில் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருந்ததால் நடந்த சந்திப்பு அது. வடக்கத்தித் தொழிலாளர் விஷயத்தில் அப்படிப் போய்ச் சந்திக்க அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவரை உங்களால் காட்ட முடியுமா?

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பலருக்கு உள்ளூர ஓடுவது அதுதான். 1965 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் விட்ட மண் இது. அந்த உணர்ச்சியை நான் முழுதாக மதிக்கிறேன். ஆனால் அந்த எதிர்ப்பு டெல்லி அரசாணையை நோக்கியது. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் போஜ்புரிப் பையன் எந்த ஆணையும் போடவில்லை. அவன் தாய்மொழியே இந்தியிடம் இடம் இழந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு காம்பவுண்டில் வீட்டுக்கார அம்மா "ஏந்தம்பி, மோட்டர் போட்டாச்சா?" என்று சத்தம் போட்டால், மேலேயிருந்து "போட்டாச்சுங்கக்கா" என்று பதில் வரும். ராஞ்சிக்காரன், 'ங்க' போட்டுப் பேசுகிறான். யாரும் வகுப்பெடுக்கவில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் வகுப்பு வேண்டும். இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்பதற்கு 2006லேயே சட்டம் இருக்கிறது. ஒடிசாக் குழந்தைகள் அரசுப் பள்ளியில் 'அ' எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும். ஆனால் சேர்வதை விடப் பாதியில் நிற்பதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. வருடத்தின் நடுவில் வருவார்கள், சாத் பூஜைப் பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள், திரும்பி வந்தால் வேறு ஏரியாவில் தங்குவார்கள். டிசி இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அம்மா அப்பாவுக்கு இது தெரியாது. அதனால் அந்தக் குழந்தை ஹாஸ்டல் அறையில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வால்பாறையில் இன்னும் மோசம். எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள்தான் இப்போது தேயிலை பறிக்கின்றன. சிறுத்தை தூக்கிப் போனது யாருடைய குழந்தையை என்று செய்தியில் பார்த்தீர்களா? குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது.

தமிழ் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஊருக்கு வெகு தூரமில்லை பவானிசாகர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நம் மொழி, நம் சாமி, நம் சாப்பாடு. ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை என்றால் பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் எட்டாது. 2021இல் மாநில அரசு முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் கட்ட ஆரம்பித்தது. அதுவரை சரி. குடியுரிமை டெல்லி கையில் இருக்கிறது. இத்தனை நெருக்கம் இருந்தும் காகிதம் இல்லாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், வடக்கத்தியாருக்கு வெறும் நல்ல மனசு போதாது என்பது புரியும்.

ஓட்டைப் பற்றி 2025இல் பெரிய சத்தம் எழுந்தது, வடமாநிலத்தாரை நம் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்று. சட்டத்தில், ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் அவர் ஓட்டு. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இருப்பவருக்கு ஊர் ஓட்டே போதும் என்பது என் கருத்து. பத்து வருடமாகக் குடும்பத்தோடு திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருந்து, பிள்ளை தமிழ்ப் பள்ளியில் படிக்கிற ஒருவருக்கு இங்கே ஓட்டு இருக்கத்தான் வேண்டும். தேனிக்காரருக்கு நாம் அதைத்தானே செய்தோம்?

தொழிற்சங்கங்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. இந்தியில் நோட்டீஸ் அடிக்கிறார்கள், மே தினத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் ஒரு பீகார்க்காரரோ ஒடிசாக்காரரோ உட்கார வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. அவரை விட்டுவிட்டுப் போடும் ஒப்பந்தத்தைக் கான்ட்ராக்டர் அவரை வைத்தே உடைப்பார். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காப்பாற்றவும் இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, உங்கள் லைன் வீட்டு எட்டுப் பேருக்கு நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாடகைக்கு ரசீது எழுதிக் கொடுங்கள். முகவரி என்று காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது. போலீஸ் கேட்கும் வாடகைதாரர் படிவத்தை நிரப்பும்போது தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் கம்பெனியில் கேட்டு வையுங்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஊரில் குடும்பத்துக்குக் கார்டு இருந்தால், வீட்டார் அங்கே கொஞ்சம் வாங்க, இவர் தன் பங்கை இங்கே கைரேகை வைத்து வாங்கலாம். கடைக்காரர் முடியாது என்றால் கூடப் போய் நில்லுங்கள். இஎஸ்ஐ, பிஎஃப் எண் செல்போனில் வந்திருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். வரவில்லை என்றால் யார் பெயரில் சம்பளம் போடுகிறார்கள் என்பதையும் அப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அவரே கேட்டால் இன்னும் நல்லது.